தொரசானம்மாவின் வளையல்கள்

பாஸ்போர்ட் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றுவரை அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அதனால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வெளிநாடு வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டைக்காரிக்கு வெளிநாடு என்று தோன்ற வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது. தை மாதக் காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வந்தது. டீக்கடைக்காரர் ஒருவரிடம் கன்னடத்திலும், அடுத்தவரிடம் தெலுங்கிலும், என்னிடம் தமிழிலும் பேசினார். மூன்று மொழியிலும் சில்லறை இல்லை என்றுதான் சொன்னார்.

நான் படம் துடைக்கிறவள். ஒரு அருங்காட்சியகத்தில் முப்பது வருஷம் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது யாராவது கூப்பிட்டால் போய்ச் செய்துகொடுப்பேன். பேரிகைப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் பரம்பரை எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், அதற்குள் துடைத்துத் தர வேண்டும் என்று அழைப்பு. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பேரிகைக்குப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முதல் காரியமாகத் தப்பான பஸ்ஸில் ஏறினேன். சாலையோரம் நின்றது, கதவு திறந்திருந்தது, நிறையப் பெண்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். கண்டக்டர் வரவே இல்லை. எல்லோரும் ஒரே நீலச் சட்டையில் இருந்தார்கள், பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க போணும் ஆச்சி?”

எங்கள் பக்கத்துப் பேச்சு! சங்கரன்கோவிலாம். ஆச்சி என்று கூப்பிட்டதற்குக் கோபப்படலாமா, ஊர்ப் பேச்சைக் கேட்டதற்குச் சந்தோஷப்படலாமா என்று தீர்மானிக்க முடியாமல், “பேரிகைக்கு” என்றேன்.

“ஐய, இது கம்பெனி பஸ்ஸுல்லா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து சிரித்தார்கள்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி என்னிடம் அடையாள அட்டை கேட்டார். முதலில் இந்தி, அப்புறம் கன்னடம். “இவங்க வேலைக்கு வரலண்ணே, வழி தப்பி வந்துட்டாங்க” என்று அந்தப் பெண் சொல்லி, ஷிஃப்ட்டுக்கு நேரமாகியும் நின்று, ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே ஓடினாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிற பிள்ளை, வழி தப்பின கிழவிக்காகத் தாமதமாகப் போனாள். அன்று முழுக்க அது மனசில் இருந்தது.

பேரிகை பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள். ஒருவர் கன்னடத்தில் கேட்டார், மற்றவர் தெலுங்கில் பதில் சொன்னார், இருவருக்கும் ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு மொழிபெயர்த்தார்: “பனியில ரோஜா மொட்டு கருகிடுச்சாம். அதுக்கு அவரு, எம் மருமவன்கூட அப்பிடித்தான் இருக்கான், மலரவே மாட்டேன்றான்றாரு.” எங்கள் ஊரில் இந்த மாதிரிப் பேச்சு பஸ்ஸில் எழுந்தால் கண்டக்டரும் கலந்துகொள்வார். இங்கேயும் கலந்துகொண்டார், தமிழில்.

பேரிகையில் ஸ்கூட்டரோடு கல்யாணப் பெண்ணே நின்றாள். லாவண்யா. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர், இரண்டு வாரம் லீவு. வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, “வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் மேடம்” என்றாள்.

அவள் சொன்னது இது. படத்தில் இருப்பவரை வீட்டில் தொரசானம்மா என்பார்கள். ஒரு காலத்தில் சுற்றியிருந்த கிராமங்களெல்லாம் அந்த வீட்டுப் பாளையம், அதன் ராணி அம்மாள் அவர். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், முந்தின வெள்ளிக்கிழமை நலங்கின்போது பெண்ணின் அம்மா படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்து, அதே விரலால் பெண்ணின் நெற்றியிலும் வைக்க வேண்டும். அது தொரசானம்மாவே கொடுக்கிற குங்குமம். ஆனால் லாவண்யாவின் அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. தொரசானம்மா தீர்க்க சுமங்கலி, அதனால் படத்தை சுமங்கலிதான் தொட்டுக் குங்குமம் வைக்கலாம். ஆகவே பெரியம்மா வைப்பார். அம்மா சமையலறை வாசலில் நிற்பார்.

“எங்க அம்மா கையால வைக்கலேன்னா எனக்கு அந்தக் குங்குமமே வேணாம்னு சொல்லிட்டேன். அம்மாதான் சண்டை போடாதன்றாங்க. நீங்க வரீங்கன்னதும், அந்த மேடம் நல்லாப் பாக்கட்டும்னு மட்டும் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க.”

நான் துடைக்க வந்தவள், தீர்ப்பு சொல்ல வரவில்லை என்று வாய்வரை வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளே அந்தக் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

வீட்டில் முதலில் சாப்பாடு. ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற குழம்பு. பனிக்காலத்தில்தான் கிடைக்குமாம். அதற்காகவே அடுத்த தையிலும் வரலாம். களியை நான் மென்றேன். வீட்டில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். “மெல்லக் கூடாதுங்க, குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்” என்று லாவண்யாவின் அம்மா சுகுணா மெதுவாகச் சொன்னார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் வளையல் இல்லை, பெரிய டயல் வைத்த வாட்ச் ஒன்று மட்டும். பரிமாறும்போது அடிக்கடி மணி பார்த்தார், போக இடம் இல்லாதவர்கள் பார்ப்பதுபோல.

வீட்டுத் தலைவர் வெங்கடப்பா, இறந்துபோனவரின் அண்ணன். பெரிய மீசை, சின்னக் குரல். முந்தின வருஷம் பெங்களூரில் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அவர் மனைவி ஜயம்மா வீட்டுக்குள் நடந்தால் வளையல் சத்தத்தை வைத்தே எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அவர் கேட்ட முதல் கேள்வி, “துடைச்சா தொரசானம்மா முகம் மாறிடாதுங்களே?” முப்பத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த நெற்றியில் குங்குமம் வைப்பது அவர்தான்.

வியாழக்கிழமை காலையில் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து இறக்கினோம். ஓர் ஆள் உயரம்.

இந்த மாதிரிப் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தூண், ஒரு சிவப்புத் திரை, செதுக்கிய நாற்காலி. ஓவியர்கள் அதையெல்லாம் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள், முகம் மட்டும்தான் வாடிக்கையாளருடையது. ஆனால் இந்த ஓவியர் கொஞ்சம் கண் உள்ளவர். வழக்கமாகத் திரைக்குப் பின்னால் ஏதோ சீமை ஆறு ஓடும். இங்கே பாறை மலை, உச்சியில் கோட்டைச் சுவர். ராயக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்கு அது எந்த மாதிரி மலை என்று தெரியும். அம்மாள் வெள்ளைப் பட்டில், முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள், ஆனால் வேலை கிடக்கிறது என்கிற முகம். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

வலது கை பக்கத்து மேஜைமேல் இருந்தது. விரல்களுக்கு அடியில் ஒரு முத்திரை, பத்திரத்தில் குத்துகிற முத்திரை. இது எனக்கு உறுத்தியது. இந்த வகைப் படங்களில் மனைவிமார் கையில் பூ இருக்கும், கைக்குட்டை இருக்கும், விசிறி இருக்கும். முத்திரை புருஷன் கையில் இருக்கும். பெண் கைக்கு அது வருவதென்றால் புருஷன் கை இல்லை என்று அர்த்தம்.

ஆனால் நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். கழுத்தில் தாலி. இடது கையில் ஆறு தங்க வளையல், காதில் தோடு.

“காதைப் பாருங்க” என்று பின்னாலிருந்து குரல். சுகுணா. கையில் எனக்கு மோர்.

பார்த்தேன். சட்டென்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். காது மடலில் ஓவியர் ஒரு நீண்ட துளையை வரைந்திருந்தார். வருஷக்கணக்காகக் கனமாகப் போட்டுக் கழற்றிய காதில் தொங்குகிற வெறும் துளை. தோடு அந்தத் துளையில் மாட்டியிருக்கவில்லை. அரை விரல் தள்ளி, கன்னத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“தினமும் தூசு தட்டுறது நான்தானுங்க. குங்குமம் வைக்கத்தான் கூடாது, தூசு தட்டலாம்” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. “மூணு வருஷம் முன்னாடியே பாத்துட்டேன். யார்கிட்ட சொல்றது? நான் சொன்னா, தன் சௌகரியத்துக்குச் சொல்றான்னுதான் ஆவும்.”

முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்தவள் நான். அடுப்பு வேலைக்கு நடுவே தூசு தட்டினவர் எனக்கு முன்னால் பார்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, யாருக்காக என்று தெரியாமல்.

ஜன்னலை மூடிவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தேன். படத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது. முத்திரைக்கு நிழல் இருந்தது, சேலை மடிப்புக்கு நிழல் இருந்தது, நாற்காலிக் கைப்பிடிக்கு நிழல் இருந்தது. வளையலுக்கு இல்லை, தாலிக்கு இல்லை, தோட்டுக்கு இல்லை. அவை கறுப்புக் கோடு கட்டிய மஞ்சளாகத் தடித்து நின்றன. அந்த மஞ்சளை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன். முந்தின நாள் பஸ்ஸுக்கு முன்னால் போன லாரியின் முதுகில்!

வெங்கடப்பா, “எங்க அழுக்கு இருந்தாலும் எடுத்துடுங்க” என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். முதலில் நெற்றி. எண்ணெயும் குங்குமமுமாக முப்பது வருஷம் ஏறிய பொருக்கு. பஞ்சுக் குச்சியால் மதியம்வரை எடுத்தேன். அடியில் பொட்டு இல்லை, விபூதிகூட இல்லை. இரண்டு புருவத்துக்கு நடுவே ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் இருந்தது.

பிறகு கையில் ஒரே ஒரு வளையல், கடைசி வளையலில் ஒரு நெல்மணி அளவு இடம். மருந்து தொட்டு உருட்டியதும் பஞ்சில் மஞ்சள் வந்தது. கீழே தோல். ஓவியர் முழுதாக முடித்த தோல். அதில் நீலமாக ஒரு நரம்பு ஓடியது. வளையல் மறைக்கப்போகிற இடத்தில் எந்த ஓவியரும் உட்கார்ந்து நரம்பு வரைய மாட்டார்.

சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தன் வாட்சைக் கொஞ்சம் மேலே தள்ளி அந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

“என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன். “நாளைக் காலையில் ஜயம்மா பழையபடி குங்குமம் வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.”

“சொன்னீங்கன்னா படத்தையே தூக்கிடுவாங்க. கல்யாண வூடு இல்லீங்களா. சொல்லலேன்னா நான் அடுப்பங்கரை வாசல்ல நிப்பேன். அது எனக்குப் பழக்கம்தான்.” படத்தின் பக்கம் கை காட்டினார். “இந்தம்மாவுக்கு எது பழக்கம்னு பாருங்க. நீங்க வந்தது அவங்களுக்காகத்தானே.”

அன்றைக்குச் சாப்பாட்டில் என்ன என்று எனக்கு நினைவில்லை. இந்தப் பயணத்தில் நான் சாப்பாட்டை மறந்தது அந்த ஒரு வேளைதான்.

வெள்ளிக்கிழமை. கூடத்தில் பாய் விரித்து, மனை போட்டு, மஞ்சள் பூசிய முகத்தோடு லாவண்யா. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். படம் துணி போர்த்திச் சுவரில் இருந்தது. சுகுணா எங்கே என்று பார்த்தேன். சமையலறை வாசலில்தான். கையில் ஒரு தட்டைப் பிடித்திருந்தார், வேலையாக இருக்கிற மாதிரி.

“எடுங்க மேடம்” என்றார் வெங்கடப்பா. துணியை எடுத்தேன்.

முதலில் எல்லோரும், “எவ்ளோ பளிச்சுனு இருக்கு!” என்றார்கள். அப்புறம் நெற்றியைப் பார்த்தார்கள்.

நான் மேடைப் பேச்சுக்காரி இல்லை. முத்திரை, காது, நிழல், நரம்பு என்று நாலு விஷயத்தையும் விரலால் காட்டிச் சொன்னேன். “இவங்க படத்துக்கு உட்கார்ந்தபோது புருஷன் இல்லை. பாளையத்தை இவங்கதான் நடத்தியிருக்காங்க. பொட்டும் தாலியும் வளையலும் பின்னாடி வேற ஒருத்தர் வச்சது” என்று முடித்தேன்.

வெங்கடப்பா என்னைப் பார்க்கவில்லை. மனைவியிடம் தெலுங்கில் தணிந்த குரலில் பேசினார். லாவண்யா மனையில் உட்கார்ந்தபடியே எனக்கு மெல்லச் சொன்னாள்: “எங்க தாத்தாதான் செஞ்சாராம். பெத்தநாயனா, பெத்தம்மா, அதான் பெரியப்பா பெரியம்மா, கல்யாணத்துக்கு. கல்யாண வூட்டுல மூளியா ஒருத்தி சுவத்துல இருக்கக் கூடாதுன்னு, கிருஷ்ணகிரியிலேர்ந்து லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவரைக் கூட்டியாந்து நகை போடச் சொன்னாராம். அதுக்கப்புறம்தான் இந்தக் குங்குமம் வைக்கிற வழக்கமே வந்துச்சாம்.”

காலங்காலமான சம்பிரதாயத்துக்கு ஜயம்மாவின் தாம்பத்தியத்தின் வயசுதான்.

வெங்கடப்பா இப்போது தமிழில், என்னிடம் சொன்னார். “எனக்குத் தெரியுங்க. மறந்துட்ட மாதிரி இருந்துட்டேன். தம்பியும் போயிட்டான், இந்தக் கொழந்தையாவது நல்லா இருக்கணும். இப்ப இதை இறக்கி உள்ள வச்சிரலாம். சாமி படத்துக்குக் குங்குமம் வச்சுக் குடுக்கட்டும்.” அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயந்தவர்கள் கையில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு பேர் படத்தை இறக்க எழுந்தார்கள்.

“இருங்க” என்றார் ஜயம்மா.

அவர் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வளையல் சத்தம் கேட்காமல் இருந்தது அப்போதுதான். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். “நெசமாலுமே ஒண்ணும் இல்லீங்களா இவங்க நெத்தியில?”

“ஒண்ணும் இல்லை அம்மா.”

“அப்ப முப்பத்திரண்டு வருசமா ஒரு தாலியறுத்தவகிட்டதான், என் தாலியக் காப்பாத்து, என் தாலியக் காப்பாத்துன்னு நின்னிருக்கேன்.” அந்தச் சொல்லைச் சொன்னதும் சமையலறைப் பக்கம் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்தார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சில் கையை வைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார், மீசையும் முழியுமாக.

“காப்பாத்தித்தான குடுத்திருக்கா” என்றார் ஜயம்மா.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஜயம்மா சிரிக்கவில்லை. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு நேரே சமையலறை வாசலுக்குப் போனார். சுகுணா கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“அவ குடுத்தா ஆவும்னா, நீ குடுத்தா ஆவாதா? வா.”

“வேணாங்க அக்கா. பாவா சொல்றது...” என்று சுகுணா வெங்கடப்பாவைப் பார்த்தார்.

“பாவாவுக்குப் பதில் நான் சொல்லிக்கிறேன். நாலு வருசமா உன்ன அந்த வாசல்ல நிக்க வச்சது நாந்தான். எனக்குத் தெரியல சுகுணா. வா.”

வெங்கடப்பா, படத்தை இறக்க எழுந்த இரண்டு பேரையும் கையால் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது.

சுகுணா கூடத்துக்கு வந்தார். சிமிழில் விரலைத் தோய்த்தார். எல்லோரும் படத்துக்கு வழி விட்டார்கள். வழக்கப்படி முதலில் தொரசானம்மாவின் நெற்றி. சுகுணா படத்துக்கு முன்னால் நின்று அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் உயரவில்லை.

“அவங்களுக்கு வேணாங்க” என்றார். “அவங்க அவங்களாவே இருக்கட்டும்.”

திரும்பி வந்து மகளுக்கு முன்னால் மண்டியிட்டார். நாலு வருஷமாகத் தன் நெற்றிக்கோ பிறர் நெற்றிக்கோ வைத்துப் பழக்கமில்லாத விரல். குங்குமம் நடுவில் விழாமல் இடது புருவத்துக்கு மேலே கோணலாகப் போய்விட்டது, கொஞ்சம் மூக்கிலும் சிந்தியது.

ஜயம்மா முந்தானை நுனியை எடுத்துக்கொண்டு திருத்தக் குனிந்தார்.

“தொடாதீங்க பெத்தம்மா” என்றாள் லாவண்யா. “அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.”